மஞ்சள் கால் வந்த வழி

நாமக்கல் பக்கம் எந்த முட்டைப் பண்ணைக்குள் நுழைந்தாலும் கண்ணில் படுவதெல்லாம் வெள்ளை. இறகு வெள்ளை, முட்டை வெள்ளை. கோழியின் கால் மட்டும் மஞ்சள். வெள்ளை லெகார்ன் என்று பெயர் வாங்கிய இந்த இனத்தைச் சிலர் இத்தாலிக் கோழி என்பார்கள், சிலர் அமெரிக்கக் கோழி என்பார்கள். இரண்டுமே சரி. ஆனால் அந்தக் காலில் உள்ள மஞ்சள் இத்தாலியில் பிறந்ததில்லை, அமெரிக்காவிலும் பிறந்ததில்லை. இந்தியத் தீபகற்பத்தின் காடுகளில் இருந்து புறப்பட்டுப் போனது அது. உலகைச் சுற்றிவிட்டு, சேலத்துக்குத் தெற்கே ஜருகுமலை அடிவாரத்தில் இருக்கும் பனமரத்துப்பட்டி வீட்டுக் கொல்லைக்கு இன்று திரும்பி வந்து நிற்கிறது. கொல்லையில் கோழி சேர்க்க நினைக்கும் ஒருவர் எந்த இனத்தை வாங்குவது என்று முடிவெடுக்க, அந்தக் கால் வந்த வழியைத் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன். வழியில் அது எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் வட்டாரத்தில் வாழும் அதன் ஒரு கிளையினமே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கிய உறவு என்று 2020-ல் வந்த மரபணு ஆய்வு சொன்னது. நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலத்துக் கோழி எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் சிந்திய மணியைப் பொறுக்க வந்த காட்டுக்கோழி மனிதனோடு தங்கிவிட்டது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. களத்து மேட்டில் கோழி மேய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை நம்புவதில் சிரமம் இல்லை.

அந்தச் சிவப்புக் காட்டுக்கோழியின் கால் ஈயச் சாம்பல் நிறம். மஞ்சள் காலுக்கான மரபணு அதனிடம் இல்லை. அதை வைத்திருந்தது நம் மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத பறவை இது. சேவலின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியது போல் பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னெராவின் பெயரைத்தான் அறிவியல் இதற்கு வைத்திருக்கிறது. வீட்டுக்கோழிக்கு இதுவும் மூதாதையாக இருக்குமா என்ற கேள்வி அப்போதே இருந்தது. 1868-ல் சார்லஸ் டார்வின் வீட்டு விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்று முடிவு சொன்னார். அந்த முடிவு நூற்று நாற்பது ஆண்டுகள் நின்றது.

2008-ல் ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்து லீஃப் ஆண்டர்சன் குழுவினர் மஞ்சள் தோலுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது சிவப்புக் காட்டுக்கோழியின் மரபணுவோடு ஒத்துப்போகவில்லை, சாம்பல் காட்டுக்கோழியோடு ஒத்துப்போனது. எங்கோ இந்த மண்ணில், ஊர் எல்லையில் மேய்ந்த வீட்டுக்கோழியோடு காட்டுச் சேவல் சேர்ந்திருக்கிறது. அந்தக் கலப்பு நடந்த ஊரை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சாம்பல் காட்டுக்கோழி வாழும் நிலத்தில்தான் அது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மஞ்சள் வருவது இப்படித்தான். பச்சைத் தழை, மக்காச்சோளம் ஆகியவற்றில் மஞ்சள் நிறமிகள் உண்டு. சிவப்புக் காட்டுக்கோழியின் தோலில் அந்த நிறமியைச் சிதைக்கும் நொதி வேலை செய்கிறது, அதனால் தோல் வெளிறிப்போகிறது. சாம்பல் காட்டுக்கோழி கொடுத்த மரபணு உள்ள கோழியின் தோலில் அந்த நொதி அடங்கிவிடுகிறது. தின்ற நிறமி காலிலும் அலகிலும் தங்கிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சந்தையில் பெட்டை பார்த்து வாங்கும்போது இது உதவும்.

ஐரோப்பாவுக்கு மஞ்சள் கால் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. அங்கே அகழ்ந்தெடுத்த பழைய கோழி எலும்புகளின் மரபணுவை 2014-ல் ஆராய்ந்தபோது, சில நூற்றாண்டுகளுக்கு முன்வரை அங்கிருந்த கோழிகளிடம் மஞ்சள் தோல் பரவியிருக்கவில்லை என்று தெரிந்தது. கடல் வணிகம் பெருகிய காலத்துக்குப் பிறகே அது அங்கே வேரூன்றியிருக்கிறது. இத்தாலியின் டஸ்கனி கடற்கரையில் லிவோர்னோ என்று ஒரு துறைமுகம். ஆங்கிலேயர் வாயில் அது லெகார்ன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தத் துறைமுகத்தில் இருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய சிறிய, சுறுசுறுப்பான, மஞ்சள் கால் கோழிகளுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 1870 வாக்கில் அவை அமெரிக்காவில் இருந்து இங்கிலாந்துக்கும் போயின.

அமெரிக்கர்கள் அந்தக் கோழியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இடைவிடாமல் முட்டையிட வேண்டும். எந்தக் கோழி எத்தனை முட்டை இட்டது என்று தனித்தனியாகக் கணக்கு வைக்கும் பெட்டிகளைச் செய்தார்கள். அதிகம் இட்டதன் குஞ்சை வைத்துக்கொண்டார்கள், குறைவாக இட்டதைக் கழித்தார்கள். குறைவாக இட்டவை பெரும்பாலும் எவை? அடை உட்காரும் கோழிகள். அடைக்கு உட்கார்ந்தால் 21 நாள் முட்டை இல்லை, குஞ்சோடு திரியும் காலத்திலும் இல்லை. முட்டை வியாபாரிக்கு அது நட்டம். தலைமுறை தலைமுறையாக அடைகோழிகளைக் கழித்ததில், அடைகாக்கும் குணமே லெகார்னை விட்டுப் போய்விட்டது. ஆண்டுக்கு 300 முட்டை தாண்டும் கோழி உருவாயிற்று. தன் முட்டை ஒன்றைக்கூடத் தானே பொரிக்கத் தெரியாத கோழியாகவும் அது ஆயிற்று. மஞ்சள் காலின் பயணத்தில் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

இதே காலத்தில் இன்னொரு கோழியும் இங்கிருந்து கப்பலேறியது. சண்டைக்கோழியான அசீல், நம் பக்கத்துப் பெருவிடையின் சொந்தம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அதை வேறு சண்டைக்கோழிகளோடு கலந்து ஒரு இனம் செய்தார்கள். அகன்ற மார்பு, தடித்த தொடை. இந்தியன் கேம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள், பிறகு அமெரிக்காவில் அது கார்னிஷ் ஆனது. கார்னிஷையும் வெள்ளை பிளைமவுத் ராக் இனத்தையும் கலந்ததில் பிறந்ததுதான் பிராய்லர். பல்லடத்தில் இருந்து லாரியில் வந்து கறிக்கடையில் தொங்கும் வெள்ளைக்கோழியின் மார்புக்கறியில் நம் சேவற்களத்துச் சதை இருக்கிறது. முட்டைக்கோழியின் காலும் கறிக்கோழியின் மார்பும் இங்கிருந்து போனவை என்பதை நாமக்கல், சேலத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது யாராவது சொல்ல வேண்டும்.

லெகார்ன் இந்தியாவுக்கு முதலில் வந்தது கிறிஸ்தவ மிஷன் பண்ணைகள் வழியாக. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழை வீட்டுக் கொல்லையில் நல்ல இனக் கோழி வளர்த்து முட்டையைக் கூட்டாக விற்கும் வழியைக் காட்டினார். ஆனால் நாமக்கல்லை மாற்றியது வேறு வரவு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து இத்தாகாவில் மன்ரோ பாப்காக் உருவாக்கிய லெகார்ன் வழிக் கோழி, வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் மூலம் இங்கே வந்தது. 1971-ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் பி.வி. ராவ். அந்தக் கோழியை நம் வெயிலுக்கும் தீவனத்துக்கும் பழக்கி எடுத்த வகைதான் பிவி 300. தமிழ்நாட்டு முட்டைப் பண்ணைகளில் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறோம். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. தரகர் சொன்ன விலைக்கு முட்டையைக் கொடுத்துவந்த பண்ணையாளர்கள் தாங்களே விலை சொல்லத் தொடங்கினார்கள். அதே ஆண்டு எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார், 1989-ல் கருணாநிதி ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை சேர்ந்தது. மழை குறைந்த, ஈரமில்லாத காற்று வீசும் நாமக்கல் மண் கோழிநோய்க்கு இடம் கொடுக்கவில்லை. இன்று தினமும் கோடிக்கணக்கான முட்டை அங்கிருந்து லாரியேறுகிறது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஏழைப் பிள்ளையின் தட்டில் முட்டை வைத்த கோழியை யாரும் இழிவாகப் பேசக்கூடாது.

என் அக்கறை அந்தக் கோழி பண்ணையை விட்டு வெளியேறி வீட்டுக் கொல்லைக்கு வரும்போது நடப்பதைப் பற்றியது.

பனமரத்துப்பட்டிக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ராசிபுரம்தான். பண்ணைக்கோழி இங்கே வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சாயக்குஞ்சு. முட்டை இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு பண்ணைக்கு உதவாது, முட்டையும் இடாது, கறியும் வைக்காது. அவற்றைப் பச்சை, ரோசா, ஊதா என்று சாயத்தில் முக்கித் திருவிழாவிலும் தெருவிலும் கூடையில் வைத்து விற்பார்கள். பிள்ளை அழுகிறதே என்று வாங்குவோம். தாய்க்கோழியின் சூடு இல்லாமல், விளக்குச் சூடும் இல்லாமல், பெரும்பாலானவை சில நாளில் செத்துப்போகும். பிழைத்தது சேவலாக வளர்ந்து நிற்கும். அதை நம் நாட்டுக்கோழியான சிறுவிடைப் பெட்டைகளோடு விட்டால், அடுத்த தலைமுறைப் பெட்டையிடம் அடைகாக்கும் குணம் குறையும். இரண்டாவது, கழித்த முட்டைக்கோழி. ஏறத்தாழ ஒன்றரை வயதில் முட்டை குறைந்ததும் பண்ணைக்காரர் மொத்தமாக விற்பார். சல்லிசு விலை. நாலைந்து வாங்கிக் கொல்லையில் விட்டால் தினமும் முட்டை கிடைக்குமே என்று தோன்றும்.

அந்தக் கோழியின் நிலையை யோசித்துப் பாருங்கள். கூண்டுக் கம்பி மேலேயே நின்று வளர்ந்த கால். சண்டை போடாமல் இருக்க நுனி வெட்டிய அலகு, அதனால் மண்ணைக் கிளறிப் புழுவைக் கொத்தத் தடுமாறும். வானத்தில் பருந்து வட்டமிட்டால் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இல்லை, பார்த்தாலும் வெள்ளை இறகு தூரத்தில் இருந்தே காட்டிக் கொடுக்கும். இன்னொரு கணக்கு. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 300 முட்டைக்கு 600 கிராம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பறவை ஒரு வருடத்தில் இவ்வளவையும் உடம்பில் இருந்து கொடுக்கிறது. பண்ணையில் அளந்து கலந்த தீவனம் அதை ஈடு செய்யும், கொல்லையில் மேயும் புல்லும் குருணையும் ஈடு செய்யாது. எலும்பில் இருந்து எடுத்துக் கொடுக்கும், கடைசியில் கால் மடங்கி உட்கார்ந்துவிடும். கழித்த கோழி வாங்குவதானால் அடைத்து வைத்து லேயர் தீவனம் போட்டு வளர்க்கலாம். மேய விடுவதற்காக வாங்க வேண்டாம்.

பனமரத்துப்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று, சேலம் நகரத்துக்குக் குடிநீர் தர 1911-ல் கட்டிய ஏரி. பின்னாளில் பெரும் பரப்பில் சீமைக்கருவேலம் மண்டிப்போனது. மற்றொன்று, பூ மார்க்கெட்டுகளுக்குப் போகும் அரளி. அரளித் தோட்டத்து வேலை விடியும் முன்பே தொடங்கும், மொட்டு விரியும் முன் பறித்தாக வேண்டும். பெண்கள் அந்நேரத்துக்கே வயலுக்குப் போய்விடுவார்கள். கோழிக்கென்று நேரம் ஒதுக்கித் தீவனம் கலக்கவோ, குஞ்சுக்கு விளக்குச் சூடு காட்டவோ இங்கே ஆள் இல்லை. கொடாப்பைத் தூக்கிவிட்டால் தானே போய் மேய்ந்து, தானே பிழைத்து, பொழுது சாய்ந்ததும் தானே வந்து அடைகிற கோழி வேண்டும். அரளிக்கு மருந்து அடித்த அன்று மட்டும் கோழியை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும், மருந்தில் விழுந்த பூச்சியைப் பொறுக்கினால் கோழி பிழைக்காது.

இந்த வாழ்க்கைக்குப் பொருந்தும் கோழி எங்கேயும் கப்பலேறாத கோழி. சிறுவிடை. சிறிய உடம்பு, ஒல்லியான கால், காகம், கீரி, செவலை, பொறி என்று எந்த நிறத்திலும் இருக்கும். காலும் அப்படித்தான், சிலதுக்கு மஞ்சள், சிலதுக்கு வெள்ளை, சிலதுக்குக் கருப்பு. ஒரு பருவத்துக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை, ஆண்டுக்கு மூன்று நான்கு பருவம். எண்ணிக்கையில் லெகார்னுக்கு முன் நிற்காது. ஆனால் அந்தப் பதினைந்தையும் குஞ்சாக்கி, குஞ்சைக் கோழியாக்கிக் கொடுத்துவிடும்.

பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் தன் காதுக்குழையைக் கழற்றி எறிகிறாள். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்தைச் சொல்ல வந்த பாட்டு அது. எனக்கு அதில் பிடித்தது, விரட்ட விரட்டத் திரும்பி வரும் அந்தக் கோழி. சிறுவிடை அன்று செய்ததைத்தான் இன்றும் செய்கிறது.

அடை வைப்பது பெரிய வித்தை இல்லை, ஆனால் கைப்பக்குவம் வேண்டும். பெட்டை கேறிக்கொண்டு திரிவது நின்று, இறகைச் சிலிர்த்து, முட்டையிட்ட இடத்திலேயே உட்கார்ந்து உறுமத் தொடங்கும். பழைய கூடையில் மணலோ தவிடோ பரப்பி, வேப்பந்தழை போட்டு, நடுவில் முட்டைகளை அடுக்குவார்கள். கரித்துண்டும் வரமிளகாயும் ஒரு இரும்புத் துண்டும் ஓரத்தில் வைப்பார்கள், இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடக்கூடாது என்ற நம்பிக்கை. இடிக்கும் கூமுட்டைக்கும் உறவு இருக்கிறதோ இல்லையோ, வேப்பந்தழைக்குப் பூச்சி வராது, மணல் சூட்டைப் பிடித்து வைக்கும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தால் உயிருள்ள முட்டையில் சிலந்தி வலை போல் சிவந்த நரம்பு ஓடும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். 21-ம் நாள் குஞ்சு. பிறகு அந்தத் தாய்க்கோழியை யாரும் நெருங்க முடியாது. பருந்தின் நிழல் தரையில் ஓடினாலே ஒரு தனிக் குரல் கொடுக்கும், குஞ்சுகள் அந்தக் கணமே இறக்கைக்குள் ஒளியும். பொரிப்பகத்து இயந்திரம் குஞ்சைப் பொரிக்கும். இந்தக் குரலைக் கற்றுக்கொடுக்காது.

குஞ்சுக்குக் கரையான் பிடித்துப் போடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பழைய பானைக்குள் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கரையான். காசு செலவில்லாத புரதம். குஞ்சு மளமளவென்று இறகு கட்டும்.

ஆகவே கூட்டத்துக்கு வேர் சிறுவிடை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதோடு வேறு எதைச் சேர்ப்பது?

முட்டை கூடுதலாக வேண்டும் என்பவர்களுக்கு ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் கொல்லைப்புறத்துக்கென்றே செய்த இனங்கள் உண்டு. கிராமப்பிரியா பழுப்பு முட்டை இடும், நல்ல தீவனம் கிடைத்தால் ஆண்டுக்கு 200 வரை. கால் நீளம், உடம்பு கனமில்லை, ஓடித் தப்பும். வனராஜா கறிக்கும் முட்டைக்கும் சேர்த்துச் செய்தது. உடம்பு கனத்துவிடும், ஓடாது, நாய்க்கும் கீரிக்கும் சுலபமாக அகப்படும். மேயவிடும் கொல்லைக்கு நான் கிராமப்பிரியாவைத்தான் சொல்வேன். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் செய்த நந்தனம் கோழியும் இந்த வரிசையில் வரும். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கிராமப்பிரியா போன்றவை இரண்டு மூன்று வழிகளைக் கலந்து எடுத்தவை. அவற்றின் முட்டையைச் சிறுவிடையின் கீழ் வைத்துப் பொரித்தால் வரும் குஞ்சு தாயைப் போல இடாது. ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அதனால் இவை கூட்டத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மலைக்காரர்களின் கோழி. தோல், கறி, எலும்பு எல்லாம் கருப்பு. 2018-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை ஏறியதும் நம் ஊரிலும் ஆளாளுக்கு வாங்கினார்கள். நல்ல பறவைதான், ஆனால் அடைகாப்பதில் சோம்பல். சிறுவிடை இல்லாத வீட்டில் கடக்நாத் பெருகாது. கறுப்புக் கறிக்கு வாடிக்கையாளர் தயாராக இருந்தால் மட்டும் வாங்கலாம். மோகத்தில் பறவை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கொங்கு நாட்டுக்குப் பாடம் தேவையில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு முதலீடு சரிந்து எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்பதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

பெருவிடையைப் பற்றிப் பேசினால் பேச்சு நீளும். விழுப்புரம் மாவட்டத்து இந்தளூரிலும் அரசலாபுரத்திலும் போரிட்டு மாண்ட சேவல்களுக்கு நடுகல் நட்டிருக்கிறார்கள், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. மனிதனுக்கு வைக்கும் மரியாதையைச் சேவலுக்கு வைத்த நிலம் இது. பொங்கல் என்றால் கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசுக்கு இன்றும் கூட்டம் போகிறது. கொங்கணாபுரம் சனிச்சந்தையில் ஆட்டு வியாபாரத்துக்கு நடுவே சேவலைக் கையில் ஏந்தி, கால் நிறம், கண், அலகு, செதில் என்று நுணுகிப் பார்க்கும் ஆட்களைக் காணலாம். அந்தக் கண் பெரிய சொத்து. ஆனால் கொல்லைக்குப் பெருவிடைச் சேவல் சரிவராது. மற்ற சேவலை இருக்க விடாது, சின்னப் பெட்டைக்கு அதன் எடை தாங்காது. பெட்டை முட்டையிடுவதும் குறைவு, கனத்த உடம்பால் அடையில் முட்டையை நசுக்கும். வளர்க்க விரும்புகிறவர்கள் தனியாகக் கட்டி வளர்க்கட்டும்.

நான் முன்னே நின்று பரிந்துரைப்பது யாரும் விரும்பாத ஒரு கோழியை. கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழி, சிலர் கழுகுக் கோழி என்பார்கள். பார்க்க அழகில்லை என்று சந்தையில் ஒதுக்குவார்கள். அந்த வெற்றுக் கழுத்தே அதன் பலம். இறகு குறைந்த உடம்பில் இருந்து சூடு எளிதாக வெளியேறும். சித்திரை வெயிலில் மற்ற கோழிகள் வாயைப் பிளந்து இரைக்கும்போது இது மேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் குணம் ஒரு தனி மரபணுவில் வருவதால் கலப்பிலும் தொடரும். சேலத்து வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை எனக்குத் தெரியவில்லை.

குட்டைக்கால் கோழியை ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் குட்டைக்கால் சேவலோடு குட்டைக்கால் பெட்டையைச் சேர்க்காதீர்கள். இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்த கரு ஓட்டுக்குள்ளேயே இறந்துவிடும், சராசரியாக நாலில் ஒரு முட்டை வீண். அடை சரியில்லை என்று பெட்டையைத் திட்டுவார்கள், பாவம் அது என்ன செய்யும்.

சந்தையில் பெட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது மஞ்சள் கால் பேசும். முட்டை இடத் தொடங்கியதும் தீவனத்து நிறமி எல்லாம் மஞ்சள் கருவுக்குப் போய்விடும், உடம்பு வெளுக்கத் தொடங்கும். முதலில் முட்டைத்துவாரம் வெளுக்கும், பிறகு கண் வளையம், அலகு, கடைசியில் கால். நான்கைந்து மாதம் விடாமல் இட்டிருந்தால்தான் கால் வெளுக்கும். மஞ்சள் கால் இனத்தில் கால் வெளிறிய பெட்டை நன்றாக இட்டு வந்த பெட்டை. “அக்கா, காலு பாருங்க, மஞ்சக்கிழங்காட்டம் இருக்குது” என்று வியாபாரி பெருமையாகக் காட்டினால், அது வெடைக்கோழியா, வயதான பெட்டையா என்று பாருங்கள். வெடையானால் நல்லது, இனிமேல்தான் இடப்போகிறது. வயதான பெட்டைக்குக் கால் பளபளவென்றிருந்தால் அது முட்டையை நிறுத்தி வெகுநாள் ஆகியிருக்கும். கூடவே வாலுக்குக் கீழே இடுப்பு எலும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு எலும்புக்கு நடுவே மூன்று விரல் நுழைந்தால் முட்டையில் இருக்கிறது, ஒரு விரலுக்குத்தான் இடம் என்றால் இல்லை. வெள்ளைக் கால், கருங்கால் பெட்டைக்கு இந்த விரல் கணக்கு மட்டுமே உதவும்.

வாங்கி வந்ததை அன்றே கூட்டத்தில் விடுவதுதான் பெரும்பாலான கொல்லைகள் காலியாகக் காரணம். வெள்ளைக்கழிச்சல் நோய் ராணிகேட் என்று இமயமலைச் சாரலில் உள்ள ஊரின் பெயரைத் தாங்கியது, 1920களின் பிற்பகுதியில் அங்கே அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். சந்தையில் திடமாக நின்ற கோழி நாலு நாளில் தலையைத் தொங்கப்போட்டு வெள்ளையாகக் கழியும், ஒரு வாரத்தில் கொடாப்பு காலி. சீரகம், மிளகு, கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பது கோழிக்குத் தெம்பு தரும், தடுப்பூசிக்கு ஈடாகாது. புதுக்கோழியை மூன்று நான்கு வாரம் தள்ளி அடைத்து வையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். பழைய கூட்டத்துக்குத் தீவனம் போட்டுவிட்டுப் பிறகு புதுசுக்குப் போடுங்கள், முறையை மாற்றாதீர்கள். சேர்க்கும் நாளில் இருட்டிய பிறகு கூட்டில் விட்டால் சண்டை குறையும். ஒற்றைக் கோழியைச் சேர்த்தால் மற்றவை கொத்திக் கொன்றுவிடும், இரண்டு மூன்றாகச் சேர்க்க வேண்டும்.

பத்துக் கோழி வளர்க்கும் பனமரத்துப்பட்டி வீட்டுக்கு என் முடிவு இது. அக்கம்பக்கத்து ஊரில் அடைகாத்துக் குஞ்சு வளர்த்த தாயின் மகள்களாகப் பார்த்து ஐந்து சிறுவிடைப் பெட்டை. இரண்டு கிராப்புப் பெட்டை. முட்டைக்கு இரண்டு கிராமப்பிரியா. சேவல் ஒன்று, அதுவும் சிறுவிடை, வேறு ஊர்ச் சேவல். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தகப்பனும் மகளும் சேர்ந்து குஞ்சு சூம்பிப்போகும். கிராமப்பிரியா முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, சிறுவிடை, கிராப்பு முட்டையை மட்டும் அடைக்கு வையுங்கள். நாட்டு முட்டைக்குப் பண்ணை முட்டையைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கிடைக்கிறதென்று எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டாம்.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. காசு கிடையாது. அரளி பறித்துவிட்டு வந்த கையோடு, கொடாப்பைத் திறக்கும் முன் கோழிகளைக் கூடையில் பிடித்துப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.